அறுபத்திரண்டிலிருந்து அறுபத்தேழுக்கு

மார்ச் 4, 2025, செவ்வாய்

காலையில் அப்பா கேட்டார், "கிளாஸ் எத்தன மணிக்கு?" ஒன்பதரை என்றேன். பொய். எனக்கு இனிமேல் கிளாஸே கிடையாது. அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதத்தை எடுத்துக்கொண்டு பிரிட்ஜ்வாட்டரிலிருந்து ரூட் 22-இல் கிழக்கே ஓட்டினேன். என்னை யாருக்கும் தெரியாத ஒரு டவுன். அங்கே ஒரு லைப்ரரி, ஜன்னலோரம் ஒரு நாற்காலி. ஜனவரி கடைசியிலிருந்து இதுதான் என் காலேஜ்.

ஒரு தடவையாவது முழுசாக எழுதி வைக்கிறேன். பதினொரு வயதில் அப்பாவின் வேலை விசாவில் ஒட்டிக்கொண்டு ஈரோட்டிலிருந்து அமெரிக்கா வந்தேன். இருபத்தொரு வயதுவரைதான் ஒட்டிக்கொள்ளலாம். கிரீன் கார்டு வரிசை நகரவில்லை, எனக்கு வயது மட்டும் நகர்ந்தது. போன ஆகஸ்டில் வக்கீல் என்னை ஸ்டூடண்ட் விசாவுக்கு மாற்றினார். எனக்கு அது இன்னொரு பேப்பர், அவ்வளவுதான்.

ஜனவரியில் அல்காரிதம்ஸ் பாடம் இரண்டாவது தடவை ஊற்றிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தது. என் நண்பன் டைலர் போன வருஷம் எல்லாப் பாடத்திலிருந்தும் விலகுகிறேன் என்று 'வித்ட்ரா' கிளிக் செய்துவிட்டு, கொலராடோ போய் ஸ்கீ ஓட்டிவிட்டு, ஒரு செமஸ்டர் கழித்துத் திரும்பி வந்தான். நானும் கிளிக் செய்தேன். டைலர் இங்கே பிறந்தவன். அது எனக்கு ஞாபகமே வரவில்லை. சத்தியமாக வரவில்லை. மறுநாள் மெயில்: படிப்பு நின்றதால் மாணவர் பதிவு ரத்து. ஜூன் கடைசிக்குள் காலேஜின் சிபாரிசோடு திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் கிளம்பு.

யாருக்கும் தெரியாது. தமிழில் எழுதுவதற்குக் காரணம் தங்கச்சி பிரீத்தி. ஒன்பது வயசு, எதை வைத்தாலும் தோண்டுவாள், தமிழ் படிக்க வராது. அப்பா என் அறைப்பக்கம் அதிகம் வருவதில்லை.

மார்ச் 6, வியாழன்

லைப்ரரியில் உள்ளூர் வரலாற்று அறையைப் பார்த்துக்கொள்ளும் டெனீஸ் என் முன்னால் வந்து நின்றாள். கறுப்பினப் பெண், எழுபது இருக்கும், சிவப்புக் கண்ணாடி.

"தினமும் வந்து அந்த ஜன்னலையே பாக்குற. அது ஓடிப்போகாது. வேலை ஏதாவது செய்றியா?"

"நான் சம்பளம் வாங்கக் கூடாது."

"சம்பளம் தர என்கிட்ட இருக்குன்னு யார் சொன்னது?"

அவளுடைய அப்பா ரெவரெண்ட் ஏமஸ் டாலிவர். இந்த டவுனில் சர்ச் நடத்தியவர், சிவில் ரைட்ஸ் போராட்டத்தில் முன்னால் நின்றவர். உள்ளூர் ரேடியோவில் வாராவாரம் பேசியிருக்கிறார், 1961 முதல் 86 வரை. டேப்புகளை டிஜிட்டலாக மாற்றிவிட்டார்கள். கேட்டு டைப் செய்ய ஆள் இல்லை. அக்டோபரில் அவர் பெயரில் ஓர் அறை திறக்கிறார்கள்.

டெனீஸ் போட்ட சட்டம்: திருத்தாதே. இருமினால் இருமினார் என்று எழுது. அழுதால் அழுதார் என்று எழுதாதே. பேச்சு நின்றது என்று எழுது.

"ஏன்?"

"அழுதாரான்னு உனக்குத் தெரியாது. நின்னது தெரியும்."

மார்ச் 13, வியாழன்

1962. இந்த டவுன் பார்க்கில் ஒரு நீச்சல் குளம், வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். டாலிவர் சின்னப் பசங்களுக்குச் சொல்கிறார்: சட்டையைத் தேய்த்துப் போடு. டை கட்டு. ஷூவைப் பளபளவென்று துடை. வரிசையில் நில், குரலை உயர்த்தாதே, திட்டினால் திரும்பத் திட்டாதே. அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நாம் தகுதியானவர்கள் என்று தெரிந்தால் கதவு திறக்கும்.

எங்க அப்பா வெங்கடாசலமேதான்! இங்கிலீஷ் மட்டும் நல்லா இருக்கு.

ஒவ்வொரு தடவை ஃபிளைட் ஏறும்போதும் அப்பா ஒரு காலர் சட்டையைத் தேய்த்து என் கட்டில்மேல் வைத்துவிடுவார். "டி-ஷர்ட்டப் போட்டுட்டு இமிக்ரேஷன்ல நிக்காத கண்ணு. ஆளப் பாத்துத்தான் மதிப்பான்." பதினேழு மணி நேரம் பறந்தாலும் காலர் கசங்கக் கூடாது. எங்களுக்குத் தெரிந்த எல்லாத் தமிழ் வீட்டிலும் இந்தச் சட்டை ஒன்று இருக்கும்.

டாலிவர் குரல் அருமை. கேட்டால் நமக்கே டை கட்டத் தோன்றுகிறது. அதுதான் எரிச்சல்.

மார்ச் 20, வியாழன்

டேப் கேட்கவில்லை. பார்க்கிங்கில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். மழை.

மார்ச் 27, வியாழன்

1964. கோர்ட் சொல்லிவிட்டது, குளம் எல்லோருக்கும் என்று. டவுன்காரர்கள் என்ன செய்தார்கள்? ரிப்பேர் என்று போர்டு மாட்டித் தண்ணீரை வெளியே திறந்துவிட்டார்கள். அவ்வளவுதான், யாருக்கும் குளம் இல்லை.

டாலிவர் கோபப்படவில்லை. ஒரே ஒரு வரி மெதுவாக: "நாம் சட்டையைத் தேய்த்தோம். அவர்கள் குளத்தை வற்ற விட்டார்கள்." அப்புறம் வழக்கம்போலப் பொறுமை, நம்பிக்கை, பிரார்த்தனை. ஆனால் அந்த வரிக்கு அப்புறம் வருவதையெல்லாம் அவரே நம்பவில்லை. எனக்குக் கேட்கிறது. இரண்டு வருஷக் குரலை ஒரு மாதத்தில் கேட்டால் கேட்கும்.

காலேஜ் அட்வைசருக்கு மெயில் எழுதினேன். அனுப்பவில்லை. அழித்தேன். மறுபடி எழுதினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன். கோயில் கேன்டீனில், தோசை வரிசையில்.

கலாவதி ஆன்ட்டியின் பையன் கௌசிக்கும் என் காலேஜ்தான். ஆன்ட்டிக்குக் கெட்ட எண்ணம் எல்லாம் கிடையாது, வாய்தான். "ஏம்ப்பா நெடு, கௌசிக் உன்ன இந்த செமஸ்டர் பாக்கவே முடியலைங்கறான்? எல்லாம் ஆன்லைன் கிளாஸா?"

அப்பா கையில் இரண்டு தட்டு. என்னைப் பார்த்தார். நான் சாம்பாரைப் பார்த்தேன்.

திரும்பும்போது காரில் பிரீத்தி மட்டும், "அப்பா, வொய் ஆர் யூ டிரைவிங் சோ ஸ்லோ?"

ஏப்ரல் 7, திங்கள்

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

அம்மா சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏஞ்சாமி இப்படிப் பண்ணுன? ஏஞ்சாமி?" திரும்பத் திரும்ப அதே.

அப்பா: "டைலர் கிளிக் பண்ணுனா நீயும் பண்ணுவியா? அவன் அவனோட வீட்ல இருக்கறான்டா. நீ விருந்தாளி. விருந்துக்குப் போன எடத்துல எலையத் தூக்கி எறிவியா?"

"பத்து வருஷமாவா விருந்து?"

"ஆமாடா, பத்து வருஷமாத்தான்! எவனோ பேஸ்பால் மட்டையால நம்ம மெயில்பாக்ஸ ஒடச்சான், நான் போலீசுக்குப் போனனா? பேர் ஒரு எடத்துலயும் வரக் கூடாதுன்னு புதுசு வாங்கி மாட்டுனேன். யாருக்காக?"

"அது பெருமையா உங்களுக்கு?"

கையை ஓங்கினார். அப்படியே இறக்கினார். வெளியே போய் ரீசைக்கிள் தொட்டியை ரோட்டோரம் உருட்டிக்கொண்டு போய் வைத்தார். இன்னைக்கு ரீசைக்கிள் நாளே இல்ல. அரை மணி நேரம் அங்கேயே நின்னாரு. ஜன்னல் வழியா பாத்துட்டே இருந்தேன்.

ஏப்ரல் 16, புதன்

ஜூமில் வக்கீல். காலேஜ் சிபாரிசு செய்ய வேண்டுமானால் காரணம் என் கையை மீறியதாக இருக்க வேண்டுமாம். "டிப்ரஷன் இருந்துச்சா?" என்றார். அப்பா எனக்கு முன்னால், "இருந்துச்சுங்க. டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிடலாம்."

இருந்ததா? ஒருவேளை இருந்திருக்கலாம். இப்போது இருக்கிறது. ஆனால் கிளிக் செய்த அன்று நான் ஜாலியாக இருந்தேன். அதுதான் உண்மை. பல மாதங்களில் முதல் தடவையாக ஜாலியாக இருந்தேன்.

வக்கீல் ஒரு மாதிரிக் கடிதம் அனுப்பினார். பதினொரு வயதிலிருந்து முன்மாதிரி மாணவன். ரோபாட்டிக்ஸ். கோயிலில் தொண்டு. ஒரு டிராஃபிக் டிக்கெட்கூட இல்லை. மன அழுத்தத்தில் நடந்த தவறு, தயவுசெய்து கருணை காட்டுங்கள். நல்ல பையன் நல்ல பையன் நல்ல பையன்.

டை கட்டிய கடிதம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

1967. ஜூலை. கறுப்பினக் கலவரத்தில் பக்கத்து நியூவார்க் நகரம் எரிந்த மறுவாரம்.

இந்த டேப்பை டெனீஸ் இத்தனை நாள் என் கண்ணில் காட்டவில்லை. நான்தான் வரிசை எண் விடுபட்டதைப் பார்த்துக் கேட்டேன்.

சர்ச்சில் ஒரு பையன், கால்வின். பத்தொன்பது வயது. வேலை இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறான். வெள்ளைச் சட்டை, டை, பளபள ஷூ, எல்லாம் டாலிவர் சொன்னபடி. திரும்பும் வழியில் தெருவில் கலவரம். போலீஸ் குண்டு. கையில் வேலைக்கான கடிதம் இருந்ததாம்.

டாலிவர் சொல்கிறார்: "அவனுக்கு டை கட்டத் தெரியாது. காலையில் என் வீட்டுக்கு வந்தான். நான்தான் கட்டிவிட்டேன்." பேச்சு நின்றது. ரொம்ப நேரம் டேப் சும்மா ஓடுகிறது. அப்புறம் வருகிறது பாருங்கள் ஒரு குரல், அது வேற ஆள். அறுபத்திரண்டில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசியவன் ஒரு முட்டாள் என்கிறார். இனி எந்தக் குழந்தையையும் அவர்களுக்காகச் சட்டை தேய்க்கச் சொல்ல மாட்டேன். கெஞ்ச மாட்டேன். அவர்கள் கதவு அவர்களோடே இருக்கட்டும், அதை இனித் தட்டவும் மாட்டேன்.

ஹெட்போனைக் கழற்றினால் டெனீஸ் பின்னால் நிற்கிறாள். இதை அக்டோபரில் போட வேண்டாமென்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது, அவளும் சேர்ந்துதான். பொறுமை டேப், கடைசிக் காலத்து டேப், இரண்டு போதுமாம்.

"நடுவுல இத எடுத்துட்டா அவர் எப்படி மாறினார்னு யாருக்குப் புரியும்? நல்ல தாத்தா ஒருத்தர் நல்ல தாத்தாவாவே செத்தார்னு ஆயிடும்."

"எனக்கு அப்போ பதினொரு வயசு. அந்த ரூம் கதவுக்கு வெளிய உக்காந்து கேட்டேன்." அப்புறம், "உங்கப்பா குரல் நின்னுபோனத ஊரைக் கூட்டிப் போட்டுக் காட்டுவியா நீ?"

எங்கப்பா குரல் நின்று நான் கேட்டதே இல்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மே 9, வெள்ளி

அறுபத்தெட்டிலிருந்து எழுபத்துமூன்று வரை ஒரே கோபம். சர்ச் ஹால் வேறு யாருக்கும் கிடையாது. தொழிற்சாலையில் ஸ்டிரைக் செய்த போர்ட்டோ ரிக்கோ ஆட்கள் கூட்டம் போட ஹால் கேட்டார்கள், கிடையாது.

1973 டேப்பில் நாங்கள் வருகிறோம்! ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் இந்திய டாக்டர்கள். "கதவை உடைத்தது நம் தோள். உள்ளே போகிறவர்கள் இவர்கள். போனதும் நம் முகத்தைப் பார்த்தே கதவைச் சாத்துவார்கள்."

சுருக்கென்று இருந்தது. "உங்கப்பா எங்களப் பத்தித் தப்பாப் பேசிட்டார்" என்றேன். டெனீஸ் கண்ணாடிக்கு மேலே பார்த்தாள். "தப்பா?"

வீட்டில் அப்பா, "எந்த டவுன் லைப்ரரிக்குப் போற நீ?" சொன்னேன். "அங்கயா? அங்கெல்லாம் பூராவும்..." நிறுத்திக்கொண்டார். பிரீத்தி பக்கத்தில் இருந்தாள். முடிக்காத வாக்கியம்தான், ஆனால் முழுசாகக் கேட்டது. டெனீஸிடம் இதைச் சொல்ல மாட்டேன்.

மே 20, செவ்வாய்

1984. குரல் மெலிந்துவிட்டது, நிறைய இருமல். சலவைக்கூடத்தில் வேலை செய்யும், விசா பேப்பர் இல்லாத ஆட்களுக்கு ஹாலைத் திறந்துவிட்டிருக்கிறார். சர்ச்காரர்களே கேட்கிறார்கள், அறுபத்திரண்டில் ஒன்று சொன்னீர், அறுபத்தேழில் ஒன்று சொன்னீர், எது நீர்?

"இரண்டும் நான்தான்" என்கிறார். "அறுபத்தேழை நான் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை. கால்வினுக்கு அந்தக் கோபமாவது சொந்தமாக இருக்கட்டும். ஆனால் இரண்டு தடவையும் நான் அவர்கள் கதவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். நல்லவனாக இருந்தால் கிடைக்கும் என்றேன், கிடைக்காவிட்டால் வேண்டாம் என்றேன். நல்லவனாக இல்லாதவனுக்கும் வேண்டும். முட்டாள்தனம் செய்தவனுக்கும் வேண்டும். இல்லையென்றால் அதற்குப் பெயர் உரிமை இல்லை, பரிசு."

முட்டாள்தனம் செய்தவன். இங்கதான் உக்காந்திருக்கேன் ரெவரெண்ட்.

அதற்கு அடுத்த வாரமே, சர்ச் கமிட்டிக்காரன் எவனையோ பிடித்துக் கிழிகிழியென்று கிழிக்கிறார். ஆள் ஒன்றும் சாந்தசொரூபி ஆகவில்லை. அதுவும் பிடித்தது.

மே 23, வெள்ளி

அனுப்பிவிட்டேன். வக்கீல் கடிதம் இல்லை. என்னுடையது. "எனக்கு உடம்பு சரியில்லாமல் போகவில்லை. பிடிக்காத படிப்பை விட்டேன். என்னுடன் வளர்ந்தவர்கள் விடுவதுபோல் விட்டேன், ஏனென்றால் நானும் இங்கே வளர்ந்தவன் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். வேறு படிப்புக்கு இடம் கொடுங்கள்."

தைரியம் எல்லாம் ஒண்ணுமில்ல. அனுப்புனதத் திரும்ப எடுக்க முடியுமான்னு ரெண்டு தடவ தேடிப் பாத்தேன். நான் என்ன டாலிவரா? இருபத்தொரு வயசு, ஒரு டிகிரி கிடையாது. யாருக்காக இந்த வீராப்பு?

ஜூன் 17, செவ்வாய்

வந்துவிட்டது. காலேஜ் சிபாரிசு செய்யாது. காரணம் என் கையை மீறியது அல்ல என்று நானே எழுதியிருக்கிறேனாம். முடிவில் வாழ்த்து.

அப்பா என் கடிதத்தை இன்றுதான் படித்தார். நின்றுகொண்டே படித்தார். "ஒரு பொய். ஒரே ஒரு பொய் சொல்லீருந்தா நீ இங்க இருந்திருப்ப. எவன்டா உனக்கு இதச் சொல்லிக்குடுத்தான்? அந்தச் செத்துப்போன பாதிரியா?"

மேஜைமேல் இருந்த பென் டிரைவை எடுத்துத் தன் ஆபீஸ் பைக்குள் போட்டுக்கொண்டார். எல்லா டேப்பும் அதில்தான். "இனிமே இதத் தொட்டீன்னா பாரு."

அம்மா இன்று முழுவதும் அழவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 18, புதன்

எந்த ஊருக்குப் போறது? போற ஊர்ல எனக்கு யாரு? பேங்க் அக்கவுன்ட் எப்படித் தொறக்கறதுன்னுகூடத் தெரியாது. மறுபடி வர முடியுமா? வக்கீல் 'பார்க்கலாம்'ங்கறாரு. பிரீத்தி, "ஆர் யூ கமிங் பேக் ஃபார் மை பர்த்டே?"ன்னு கேட்டா. டிசம்பர். தலையாட்டுனேன். இன்னொரு பொய்.

ஜூன் 26, வியாழன்

டெனீஸிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவள் எதுவும் ஆறுதல் சொல்லவில்லை. "அந்தக் கடிதத்த நீ அனுப்பாம இருந்திருக்கலாம்" என்றாள். "எங்கப்பாவுக்கு அத எல்லாம் சொல்ல இந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருந்துச்சு." உண்மைதான். அதை மே மாதமே சொல்லித் தொலைத்திருக்கலாம்!

ஜூலை 8, செவ்வாய்

நியூவார்க் ஏர்போர்ட்டிலிருந்து.

காலையில் கட்டில்மேல் காலர் சட்டை. வெள்ளை. இஸ்திரிச் சூடு இன்னும் இருந்தது. நான் பழைய டி-ஷர்ட்டிலேயே கீழே வந்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் வந்தேன். அப்பா மேலே போய்ச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்து, ஹேங்கரோடு காரின் பின்சீட்டில் மாட்டினார். வழியில் மாற்றச் சொல்வார் என்று நினைத்தேன்.

சாவியைத் திருப்பியதும் கார் ஸ்பீக்கரில் ஒரு குரல்: "...சட்டையைத் தேய்த்தோம். அவர்கள் குளத்தை..." அப்பா அவசரமாக அணைத்தார். ஒரு சின்னத் திருட்டைப் பிடித்ததுபோல் இருந்தது. அவர் காரின் பின்பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தார், அது சரியாகத்தான் இருந்தது.

டெர்மினலில் பெட்டிகளை இறக்கிவிட்டுப் பின்கதவைத் திறந்தார். சட்டையைப் பார்த்தார். என் டி-ஷர்ட்டைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டார்.

"போய்ட்டு வா கண்ணு."

அவ்வளவுதான். சட்டை காரிலேயே திரும்பிப் போகிறது.

அக்டோபர் 13, திங்கள்

கோயம்புத்தூர். சரவணம்பட்டியில் ஒரு ரூம். பக்கத்து ரூம் சாய்ராம் என்னை 'அமெரிக்கா' என்றுதான் கூப்பிடுகிறான். ஒரு கம்பெனிக்கு ஆடியோ கேட்டு டைப் செய்கிறேன். இது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காகத் தெரியும். வக்கீல் இன்னும் 'பார்க்கலாம்'.

சனிக்கிழமை டாலிவர் அறை திறந்தார்கள். இன்று டெனீஸிடமிருந்து ஓர் ஆடியோ. "அறுபத்தேழைப் போட்டேன். முழுசா. அதுக்கப்புறம் யாராவது பேசலாம்னு சொன்னோம். கடைசி வரிசையிலிருந்து ஒருத்தர் எழுந்தார். உன் வேலை பாக்கி இருக்கு, டைப் பண்ணி அனுப்பு." ஃபைலின் பெயர்: வெங்கடாசலம், 2025.

அப்பா. எந்த மீட்டிங்கிலும் வாயைத் திறக்காத அப்பா. டவுன்காரர்கள், பேப்பர்காரர்கள் எல்லோரும் இருக்கும் இடத்தில் மைக்கில் முதலில் பெயரைச் சொல்கிறார். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்கிறார், எழுதிக்கொள்ளட்டும் என்று. கிரீன் கார்டு வரிசையில் இன்னும் நிற்கும் பெயர் அது.

சட்டப்படி டைப் செய்கிறேன். திருத்தாமல். அவர் இங்கிலீஷில் சொன்னது, எனக்குத் தமிழில்தான் கேட்கிறது.

"நான் இந்த டேப்பெல்லாம் கார்ல கேட்டேன். கோபமாத்தான் கேட்டேன். இத டைப் பண்ணுனது என் பையன். பேரு நெடுஞ்செழியன். அவன் இங்க இல்ல. இங்க இருந்திருக்கணும்."

இருமினார்.

"எனக்கு அம்பத்தோரு வயசு. இத்தன வருஷமா நான் அறுபத்திரண்டுலயே இருந்தேன். சட்டையத் தேச்சு வச்சேன். அறுபத்தேழுக்கு வர்றதுக்கு எனக்கு ஒரு பையன் போக வேண்டியிருந்துச்சு. அவன் விருந்தாளின்னு நான் சொன்னேன். அது..."

பேச்சு நின்றது.

டேப் ஓடுகிறது. யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள். பிரீத்தியின் குரல், ரொம்ப மெதுவாக, தமிழில்: "சொல்லுங்கப்பா."

பேச்சு தொடர்ந்தது.